வால்டர் காஃப்மனும் பம்பாயின் இரண்டு இசைகளும்

1976-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒரு தடித்த நூலை வெளியிட்டது. பெயர் 'தி ராகாஸ் ஆஃப் சவுத் இந்தியா'. தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து பிறந்த ஜன்ய ராகங்களை மேற்கத்திய ஐந்து கோட்டுக் குறிமானத்தில் எழுதி அடுக்கிய நூல் அது. இந்த வேலையைச் செய்தவர் தஞ்சாவூர்க்காரரோ சென்னை இசைக் கல்லூரிப் பேராசிரியரோ அல்ல. ஜெர்மன் மொழி பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்து, பெர்லினில் இசையமைப்புப் படித்து, பம்பாயில் 12 ஆண்டுகள் வாழ்ந்த வால்டர் காஃப்மன். ஆல் இந்தியா ரேடியோவின் முகப்பு இசையோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே காஃப்மன்தான்.

முகப்பு இசை எல்லோருக்கும் தெரியும், நூல் பெரும்பாலோருக்குத் தெரியாது. எனக்கு நூல்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஐரோப்பியக் குறிமானத்தில் வளர்ந்த ஒரு படைப்பாளி நம் இசையிடம் வந்தபோது எதைக் கையில் எடுக்க முடிந்தது, எது கைக்கு அகப்படாமல் போனது, அதில் பம்பாய் என்ற ஊருக்கு என்ன பங்கு என்று கேட்பவருக்கு அந்த நூல் ஒரு சான்றாவணம். காஃப்மனில் தொடங்கி, பம்பாயிலேயே பிறந்து இன்று ஜெர்மன் இசையமைப்பாளராகவும் பேராசிரியராகவும் விளங்கும் சந்தீப் பகவதி வரை அந்தக் கேள்வி நீள்கிறது.

காஃப்மனை ஜெர்மன் இசையமைப்பாளர் என்று சொல்வதற்கு ஒரு விளக்கம் வேண்டும். அவர் பிறந்தது 1907 ஏப்ரல் 1-ஆம் தேதி, அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பொஹீமியாவில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன கார்ல்ஸ்பாட் நகரில். இன்று அது செக் நாட்டில் கார்லோவி வாரி. ஜெர்மனியின் குடிமகனாக அவர் இருந்ததில்லை. ஆனால் பேசிய மொழி, படித்த பள்ளி, எழுதத் தொடங்கிய மரபு மூன்றும் ஜெர்மன். பெர்லின் அரசு இசைக் கல்லூரியில் அவருக்கு இசையமைப்பு ஆசிரியர் ஃப்ரான்ஸ் ஷ்ரேகர். அந்தக் காலத்து ஜெர்மனியில் ஷ்ரேகரின் ஓபராக்கள் பெரும் புகழோடு மேடையேறின. நடத்துநர் புரூனோ வால்டரிடம் காஃப்மன் உதவியாளராக வேலை பார்த்தார். பிறகு பிராகில் இருந்த ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மாலரின் சிம்பொனிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு எழுதினார். ஆய்வை முடித்தும் பட்டத்தை வாங்கவில்லை. தன் பேராசிரியர் குஸ்டாவ் பெக்கிங் உள்ளூர் நாஜி இளைஞர் அமைப்பில் பொறுப்பில் இருக்கிறார் என்று தெரியவந்ததும் மறுத்துவிட்டார். பிற்காலத்தில் நூல்மேல் நூலாக எழுதிப் பேராசிரியராக உயர்ந்தவர், தனக்குச் சேர வேண்டிய பட்டத்தை இப்படி விட்டுக்கொடுத்தவர். இந்த மனிதரைப் பற்றி வேறெதுவும் தெரியாவிட்டாலும் இந்த ஒரு முடிவுக்காகவே நான் அவரை மதிப்பேன்.

பெர்லினில் அவருக்குக் கிடைத்த இன்னொரு ஆசிரியர் குர்ட் ஸாக்ஸ். இசைக்கருவிகளை வகைப்படுத்தும் முறையை எரிக் ஃபான் ஹோர்ன்போஸ்டலோடு சேர்ந்து 1914-இல் வகுத்தவர். நாதஸ்வரத்தையும் ட்ரம்பெட்டையும் எந்த அடிப்படையில் ஒரே இனத்தில் சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்று இன்றும் உலக அருங்காட்சியகங்கள் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த முறைப்படிதான். இந்திய, இந்தோனேசிய இசைக்கருவிகளைப் பற்றி ஸாக்ஸ் தனி நூலும் எழுதியிருக்கிறார். பெர்லினில் 1900-இலேயே கார்ல் ஸ்டும்ஃப் ஒலிப்பதிவுக் காப்பகம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அங்கே ஹோர்ன்போஸ்டலும் ஓட்டோ ஆப்ரகாமும் ஃபோனோகிராஃபில் பதிவான இந்திய மெட்டுகளைக் கேட்டுக் குறிமானத்தில் எழுதி 1904-இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆக, காஃப்மன் கப்பல் ஏறுவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே பெர்லினில் இந்திய இசை மெழுகு உருளைகளாகவும் தாள்களாகவும் இருந்தது. அங்கே இல்லாதது பாடும் மனிதர்கள்.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஷ்ரேகருக்கு அதற்கு முன்பே கல்லூரித் தலைமையிலிருந்து விலக நேர்ந்தது. 1934-இல் அவர் இறந்துபோனார். ஸாக்ஸ் பதவி இழந்து பாரிசுக்கும் பிறகு நியூயார்க்கிற்கும் போனார். காஃப்மன் 1934-இல் பம்பாய் வந்து இறங்கினார். ஏன் இந்தியா என்று கேட்டவர்களுக்கு, விசா எளிதில் கிடைத்தது என்பதே அவர் பதில். கிழக்கின் ஞானத்தைத் தேடி வந்த கதை இதில் இல்லை; உயிரைக் காக்க வந்த கதைதான் இருக்கிறது. அவர் மணந்திருந்த கெர்டி, எழுத்தாளர் ஃப்ரான்ஸ் காஃப்காவின் சகோதரி மகள். காஃப்காவின் மூன்று சகோதரிகளும் நாஜிகளின் கையில் மாண்டார்கள். விசா கிடைக்காமல் போனவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்த ஒரு குடும்பமே சொல்லிவிடும்.

பம்பாயில் அவருக்குக் கைகொடுத்தவர் மோகன் பவ்னானி. ஜெர்மனியில் சினிமாத் தொழில் கற்றுத் திரும்பிய இயக்குநர். பவ்னானியின் படங்களுக்குக் காஃப்மன் இசை எழுதினார். வார்டன் சாலையை ஒட்டிய ரேவா ஹவுஸில் குடியிருந்தார். அந்தச் சாலை இன்று புலாபாய் தேசாய் சாலை. மகாலட்சுமி கோயிலுக்குப் பக்கம். வந்த சில மாதங்களிலேயே பம்பாய் சேம்பர் மியூசிக் சொசைட்டியைத் தொடங்கினார். வியாழக்கிழமைதோறும் வில்லிங்டன் ஜிம்கானாவில் கச்சேரி. காஃப்மன் பியானோ, எடிஜியோ வெர்கா செல்லோ, மெஹ்லி மேத்தா வயலின். மேத்தா அடுத்த ஆண்டு, 1935-இல், பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நிறுவினார். 1936-இல் பிறந்த அவர் மகன் சுபின் மேத்தா பின்னாளில் உலகின் பெரும் இசைக்குழுக்களை நடத்தினார். ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவர்களும் பார்சிகளும் கோவாக்காரர்களும் சேர்ந்து தென்பம்பாயில் கட்டிய இசையுலகம் அது.

இந்திய இசையை முதன்முதல் இசைத்தட்டில் கேட்டபோது காஃப்மனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, அந்நியமாகவே பட்டது. இதை அவரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். அடுத்து அவர் யோசித்த விதம்தான் முக்கியம். இதை மனிதர்கள் மனத்தாலும் அறிவாலும் உருவாக்கியிருக்கிறார்கள், கோடிக்கணக்கானவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள், ஆகவே குறை என்னிடம்தான், இந்த இசை பிறந்த இடத்துக்குப் போய்க் கற்பதே சரியான வழி என்று முடிவெடுத்தார். 1930-களின் ஐரோப்பியர் ஒருவரிடம் இப்படிப்பட்ட பணிவு எளிதில் காணக் கிடைப்பதில்லை. காலனிய அதிகாரிகள் எத்தனையோ பேர் பல்லாண்டுகள் இங்கே வாழ்ந்து, நம் பாட்டு ஊளை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் இசைஞானம் உண்டு. தன் காதைச் சந்தேகிக்கும் நேர்மைதான் இல்லை.

1937 முதல் 1946 வரை காஃப்மன் ஆல் இந்தியா ரேடியோவின் பம்பாய் நிலையத்தில் மேற்கத்திய இசைப் பிரிவின் பொறுப்பில் இருந்தார். முகப்பு இசையை இயற்றியவர் யார் என்ற வழக்கு இங்கேதான் வருகிறது. தம்புரா சுருதி மீட்ட, அதன்மேல் வயலின் சிவரஞ்சனியில் எழும் அந்தச் சின்ன மெட்டு 1936-இல் அமைந்தது என்றும், வாசித்தவர் மெஹ்லி மேத்தா என்றும், இயற்றியவர் காஃப்மன் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. தாக்கூர் பல்வந்த் சிங் பெயரைச் சொல்பவர்கள் உண்டு. ஆங்கில இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ் என்பவர்களும் உண்டு. ஃபோல்ட்ஸை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவர் மனைவி மாட் மெக்கார்த்தி வயலின் கலைஞர். அன்னி பெசன்டோடு இந்தியா வந்து நம் இசையை நேரடியாகக் கற்றவர். ஃபோல்ட்ஸ் 1935-இல் இங்கே வந்து, 1937-இல் தில்லி வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பேற்று, 1939-இல் கல்கத்தாவில் காலராவால் இறந்தார். ஆர்மோனியம் இந்திய இசையைக் கெடுக்கிறது என்று அவர் வாதாடியதும், 1940-இல் வானொலி அந்தக் கருவியைத் தடை செய்ததும் தனிக் கதை. என் கணிப்பு காஃப்மன் பக்கம் சாய்கிறது. 1934 முதல் வாரந்தோறும் மேத்தாவின் வயலினோடு உட்கார்ந்து வாசித்தவர் அவர். ஐந்தே சுரங்கள் கொண்ட ராகத்தைத் தேர்ந்து, பியானோவையும் ஆர்கெஸ்ட்ராவையும் ஒதுக்கி, தம்புராவின் மேல் ஒரு வயலினை மட்டும் நிறுத்திய சிக்கனம் அறையிசை எழுதிப் பழகிய கைக்கு உரியது.

அந்தச் சிவரஞ்சனி நமக்குக் கரஹரப்பிரியாவின் ஜன்யம். ஸ ரி க ப த. மத்திமமும் நிஷாதமும் கிடையாது. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்தை அதிகம் நம்பாமல், சுரங்களின் இடைவெளியிலேயே முகத்தைக் காட்டிவிடும் ராகம். ஐரோப்பியக் காது முதலில் பற்றிக்கொள்ளக்கூடிய ராகங்களில் ஒன்று. அவர் தோடியையோ பேகடையையோ எடுக்கவில்லை என்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அவருடைய முழு வாழ்க்கைப் பணியையும் பார்த்தால் அதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. எழுதிக் காட்ட முடிந்ததை அவர் பற்றினார். அதில் எவரையும்விட ஆழமாகப் போனார்.

அதே ஆண்டுகளில் இந்த ஊரின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். மாட்டுங்காவில் தமிழர்களும் மலையாளிகளும் கன்னடர்களும் தெலுங்கர்களும் குடியேறி, 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிய வீடுகளில் பஜனையும் கச்சேரியும் நடந்தன. தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் கோயில்களில் மேளமும் நாயனமும் ஒலித்தன. பின்னாளில் 1952-இல் ஷண்முகானந்தா சபாவும் 1962-இல் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸும் தோன்றின. 1963-இல் திறந்த ஷண்முகானந்தா அரங்கம் 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் எழுந்தது. சுனாபட்டியில் குடியிருக்கும் எங்களுக்கு ஹார்பர் லைனில் ஒரு ஸ்டேஷன் போய் ஜி.டி.பி. நகரில் இறங்கினால் ஷண்முகானந்தா. எதிர்ப்பக்கம் குர்லா, திலக் நகர் தாண்டினால் செம்பூர். வார்டன் சாலைக்குப் போவதென்றால் ரயில் மாற வேண்டும். இசையிலும் அப்படித்தான் இருந்தது. வில்லிங்டன் ஜிம்கானாவுக்கும் மாட்டுங்கா பஜனைக்கும் நடுவே சில மைல்கள்தான். ஆனால் இரண்டுக்கும் வருகிற கூட்டம் வேறு, ஆதரிக்கிற பணம் வேறு, கற்பிக்கிற முறை வேறு.

காஃப்மன் சோம்பி இருந்தவரல்ல. பம்பாயில் இருக்கும்போதே மத்திய இந்தியாவின் கோண்டு, பைகா மக்களின் பாடல்களைப் பற்றி எழுதினார். 1941-இல் அமெரிக்காவின் 'மியூசிக்கல் குவார்ட்டர்லி' அதை வெளியிட்டது. வானொலிக்கென்றே 'அனசூயா' என்ற ஓபராவை இயற்றினார். வட இந்திய ராகங்களைக் கற்க அவருக்கு இந்த ஊரே பள்ளி. அந்த ராகங்களை வகைப்படுத்தும் தாட் முறையை வகுத்த பாத்கண்டே பம்பாய் வால்கேஷ்வரில் பிறந்தவர். 1936-இல் காலமாகும்வரை இரண்டாண்டுக் காலம் இருவரும் ஒரே ஊர்வாசிகள். 1968-இல் வந்த காஃப்மனின் 'தி ராகாஸ் ஆஃப் நார்த் இந்தியா' நூல் பாத்கண்டேயின் பத்து தாட்டுகளைச் சட்டகமாகக் கொண்டது. தென்னிந்திய நூல் வெளிவந்ததோ அவர் பம்பாயை விட்டு 30 ஆண்டுகள் கழித்து.

1946-இல் லண்டன். அடுத்த ஆண்டு கனடாவின் ஹாலிஃபாக்ஸ் இசைப்பள்ளியில் பியானோ ஆசிரியர். 1948 முதல் பத்தாண்டு அளவில் வினிபெக் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். 1957-இல் இந்தியானா பல்கலைக்கழகம், ப்ளூமிங்டன். 1977 வரை அங்கே இசையியல் பேராசிரியர். 1984 செப்டம்பர் 9-இல் அதே ஊரில் காலமானார். அவருடைய கையெழுத்துப் படிகள் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் இருக்கின்றன.

ஆசிரியராக அவர் எழுதிய நூல்களை வரிசையாகப் பார்த்தால் மனிதரின் மனம் எங்கே ஊன்றியிருந்தது என்பது தெரியும். 1967-இல் ஆசிய நாடுகளின் இசைக் குறிமானங்களைப் பற்றிய நூல். 1968-இல் வட இந்திய ராகங்கள். 1975-இல் திபெத்திய பௌத்த ஓதல் முறை. 1976-இல் தென்னிந்திய ராகங்களும், சீனச் செவ்வியல் நூல்களில் இசை பற்றிய குறிப்புகளும். 1981-இல் ஜெர்மன் மொழியில் பழைய இந்தியாவின் இசையைச் சிற்பங்களையும் ஓவியங்களையும் கொண்டு காட்டும் 'ஆல்ட்இந்தியன்'. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் வெளியானது. 1934-இல் துரத்திய மொழிக்கு 74 வயதில் அவர் கொடுத்தது அந்த நூல். எல்லாவற்றிலும் ஊடே ஓடும் கேள்வி ஒன்று: ஒலியை மனிதர்கள் எப்படி எழுதி வைத்தார்கள்?

இனி தென்னிந்திய நூலுக்கு வருவோம். அதன் துணைத்தலைப்பு நேர்மையானது. சுர வரிசைகளின் பட்டியல் என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. வேங்கடமகி 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் வகுத்த 72 என்ற கணக்கு எவரையும் ஈர்க்கும். ஷ்ரேகரிடமும் ஸாக்ஸிடமும் படித்தவருக்கு, சுரத்தானங்களை இவ்வளவு முறையாக வரிசைப்படுத்திய மரபு ஒன்று உலகில் இருப்பது பெரும் வியப்பாக இருந்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் மேஜர், மைனர் என்ற இரண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஆங்கிலம் வழியே நம் இசைக்கு வரும் மாணவர்களுக்கு அந்த நூல் ஒரே இடத்தில் இத்தனை ராகங்களைத் திரட்டிக் கொடுத்தது. அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தீரசங்கராபரணத்தின் ஜன்யம். இரண்டுக்கும் பாடப்புத்தகத்தில் ஆரோகணம் ஸ ரி ம ப த ஸ், அவரோகணம் ஸ் நி த ப ம க ரி ஸ. காகிதத்தில் ஓர் எழுத்துகூட மாறாது. செம்பூரில் பாட்டு டீச்சரிடம் மூன்றாண்டு கற்ற சிறுமிகூட இரண்டையும் குழப்பமாட்டாள். ஆரபி விறுவிறுப்பு; சுரங்கள் அசைவில்லாமல் நேராக விழும், காந்தாரமும் நிஷாதமும் தொட்டதும் மறையும். தேவகாந்தாரி நிதானம், ரிஷபத்தில் நீண்டு நிற்கும், காந்தாரத்தை அசைத்து இழைக்கும், விளம்பத்தில்தான் அதன் உடல் முழுதும் தெரியும். பட்டியலில் ஒரே விலாசத்தில் குடியிருக்கும் இரு வேறு மனிதர்கள் இவை. தோடியின் காந்தாரம் எங்கே நிற்கிறது என்று ஐந்து கோட்டில் ஒரு புள்ளி வைத்துக் காட்டவே முடியாது. அது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே ஊசலாடும் அசைவு. அந்த அசைவை எடுத்துவிட்டால் மிஞ்சும் சுரம் தோடியினுடையதல்ல.

இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர் காஃப்மன் அல்ல, நம்மவர்களே. சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-இல் வெளியிட்ட 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நோட்டேஷன்' கர்நாடக இசைக் கிருதிகளை ஐந்து கோட்டில் எழுதியது. கிறிஸ்தவரான முதலியார் இரண்டு மரபும் அறிந்தவர். கமகங்களை எழுதிக்காட்ட அவர் பட்ட பாடு பக்கத்துக்குப் பக்கம் தெரியும்; நுண்ணிய வேலையில் கண்ணும் உடம்பும் தேய்ந்தன. அவருக்குத் துணை நின்ற சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைக் கொண்டுவந்தார். அதில் வேறு வழி எடுத்தார். நம் சுர எழுத்துகளையே வைத்துக்கொண்டு, கம்பிதம், நொக்கு, ஜாரு என்று ஒவ்வொரு கமகத்துக்கும் ஓர் அடையாளக்குறி போட்டார். என் பார்வையில் தென்னிந்தியக் குறிமான வரலாற்றின் உச்சம் அதுதான். அந்த நூல்கூடப் பாடத் தெரிந்தவருக்கு நினைவூட்டுமே தவிர, தெரியாதவருக்குப் பாடக் கற்றுத் தராது.

ஜெர்மனியிலிருந்து வந்த வேறு சிலர் வேறு வாசல்களில் நுழைந்தார்கள். யோசஃப் குக்கெர்ட்ஸ் 1970-இல் கர்நாடக இசையின் உருவத்தையும் மெட்டமைப்பையும் பற்றி ஜெர்மன் மொழியில் விரிவான ஆய்வு வெளியிட்டார். லுட்விக் பெஷ் கலாக்ஷேத்ராவில் எச். ராமச்சந்திர சாஸ்திரியிடம் புல்லாங்குழல் கற்று, பிறகு தென்னிந்திய இசைக்கு ஒரு கையேடு எழுதினார். மியூனிக்கில் 1947-இல் பிறந்த பீட்டர் மைக்கேல் ஹாமெல் 1970-களில் இந்தியா வந்து கற்றவர், இசையமைப்பாளர், பின்னர் ஹாம்பர்க் இசைக் கல்லூரியில் இசையமைப்புப் பேராசிரியர். இவர்களில் பெஷ் சென்ற வழியே எனக்கு மிக உறுதியானதாகப் படுகிறது. குருவின் எதிரே உட்கார்ந்து வாசித்தவருக்குப் பட்டியல் பிறகு தானாக விளங்கும்.

காஃப்மனின் சொந்தப் படைப்புகள் நீண்ட காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்தன. டொரான்டோவின் ராயல் கன்சர்வேட்டரியைச் சேர்ந்த ஏ.ஆர்.சி. என்சாம்ப்ள் 2020-இல் அவருடைய அறையிசையைச் சாண்டோஸ் நிறுவனத்தின் வழியே இசைத்தட்டாக வெளியிட்டது. 7-ஆம், 11-ஆம் நால்வர் இசை, இரண்டாம் வயலின் சொனாட்டா, ஒரு சொனாட்டினா, மூன்று வயலின்களும் ஒரு வயோலாவும் இரண்டு செல்லோக்களும் பியானோவும் சேரும் செப்டெட். கேட்டுப் பார்த்தால், பட்டியல் ஆசிரியரைவிடப் படைப்பாளி காஃப்மன் ஒரு படி தாராளமானவர் என்பது தெரியும். ராகத்தை அப்படியே எடுத்து ஒட்டவைக்கும் வேலை அங்கே இல்லை. மெட்டு ஓரிரு சுரங்களைச் சுற்றிச் சுற்றி வருவது, கீழே சுருதி போல ஒன்று நிலைத்திருப்பது, சுரக்கட்டுக்குப் பதிலாகத் தனிக்குரல் மெட்டையே நம்பி நகர்வது எல்லாம் இந்த மண்ணில் அவர் கேட்டவை. நூலில் எழுத முடியாதுபோனதை வயலின்காரர்களின் விரலுக்கு விட்டுவைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

சந்தீப் பகவதியின் பாதை இதற்கு நேர்மாறானது. 1963-இல் பம்பாயில் பிறந்தார். தந்தை இந்தியர், தாய் ஜெர்மானியர். சிறுவயதிலேயே ஜெர்மனிக்குப் போய், சால்ஸ்பர்க்கிலும் மியூனிக்கிலும் இசையமைப்புப் பயின்றார். மியூனிக்கில் மோரிட்ஸ் எகர்ட்டோடு சேர்ந்து 1991-இல் 'ஆ-டெவாண்ட்கார்ட்' இசைவிழாவைத் தொடங்கினார். கார்ல்ஸ்ரூவே இசைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்துவிட்டு, 2006 முதல் கனடாவின் மொன்ட்ரியாலில் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு இருக்கை வகித்து, 'மாத்ராலாப்' என்ற ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அந்தப் பெயரில் நம் மாத்திரை இருக்கிறது.

தமிழ் வாசகர் அவரை அறிய இன்னொரு காரணமும் உண்டு. 1998-இல் மியூனிக் பியென்னாலே விழாவில் அரங்கேறிய அவருடைய ஓபராவின் பெயர் 'ராமானுஜன்'. ஈரோட்டில் 1887-இல் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1914-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறி, 32 வயதில் மறைந்த நம் கணித மேதைதான். நிரூபணம் எழுதாமல் முடிவை மட்டும் நோட்டில் குறித்துவைத்த ஒருவரையும், எழுதப்பட்ட நிரூபணம் இல்லாமல் எதையும் ஏற்காத ஒரு கல்விமரபையும் எதிரெதிரே நிறுத்திய வாழ்க்கை அது. இசைக் குறிமானத்தைப் பற்றிச் சிந்திக்கும் ஒரு படைப்பாளி அந்த வாழ்க்கையைத் தேர்ந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

பகவதி தன் வேலை முறையைக் 'காம்ப்ரோவிசேஷன்' என்கிறார். ஒரு படைப்பில் எந்தச் சூழலிலும் மாறக்கூடாத பகுதி எது, அந்த இடத்தில் அந்த நேரத்தில் கலைஞர் தீர்மானிக்க வேண்டிய பகுதி எது என்று முதலிலேயே பிரித்து, இரண்டையும் ஒன்றோடொன்று பூட்டி எழுதுவது. நமக்கு இது புதிதாகத் தோன்றாது. பல்லவி வரி மாறாது, தாளம் மாறாது. நிரவலும் கல்பனாசுரமும் அன்றைய பாடகருடையவை. ஆனால் ஐரோப்பிய இசையமைப்புக் கல்வியில் வளர்ந்த ஒருவர் இதை அடிப்படைக் கொள்கையாக்கி, இந்திய, அரபு, சீனக் கருவிக் கலைஞர்களை ஐரோப்பியக் கலைஞர்களோடு ஒரே குழுவில் அமர்த்தி, ஒவ்வொருவரும் தம் மரபை விடாமல் வாசிக்கும்படி எழுதுவது பெரிய நகர்வு. பெர்லினில் அவர் உருவாக்கிய என்சாம்ப்ள் எக்ஸ்ட்ராக்டே அப்படிப்பட்ட குழு. காஃப்மனுக்குப் பட்டியல்வரைதான் கை எட்டியது. பகவதிக்குக் கமகத்தை எழுத வேண்டிய அவசியமே இல்லை, அதைச் செய்யத் தெரிந்தவர் எதிரே அமர்ந்திருக்கிறார். காஃப்மனின் காலத்தில் அகதி ஒருவருக்கு அந்தக் குழுவைத் திரட்டப் பணமோ மேடையோ கிடைத்திருக்காது என்பதையும் மறக்கக்கூடாது.

தமிழ்நாட்டிலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் உண்டு. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய முறை பயின்ற இளையராஜா, 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் பாக்கையும் தியாகராஜரையும் ஒருங்கே வணங்கினார். ஜெர்மன் மரபின் மூலவரான பாக்கிடம் ஒரு தமிழர் போனபோது குறிமானத்தை முழுதும் கற்றுக்கொண்டுதான் போனார். ஜெர்மன் மரபிலிருந்து நம்மிடம் வந்தவர்களுக்கு அப்படிக் கற்றுக்கொள்ள ஒரு கையேடு இல்லை. நம் இசையின் பாதி ஆசிரியரின் தொண்டையில் இருக்கிறது.

மும்பையில் அந்த ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. டி. ஆர். பாலாமணி போன்றவர்கள் இந்த ஊரில் தலைமுறைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவன் அவரிடம் கற்றவர், இன்று தானே இசையமைப்பாளர். ஷண்முகானந்தாவிலும் ஃபைன் ஆர்ட்ஸிலும் வகுப்புகள் நடக்கின்றன. நரிமன் பாயின்டில் என்.சி.பி.ஏ. 2006-இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது. வார்டன் சாலையும் மாட்டுங்காவும் இன்றும் தனித்தனியாகக் கற்றுக்கொள்கின்றன. நரிமன் பாயின்டில் வயலின் பிடிக்கும் பிள்ளைக்குத் தேவகாந்தாரி காதில் விழ வாய்ப்பில்லை. செம்பூரில் சம்மணமிட்டு வயலின் வாசிக்கும் பிள்ளைக்கு, தன் ஊரில் எழுதிப் பழகிய ஒருவருடைய செப்டெட் இருப்பதே தெரியாது.

காஃப்மனின் தென்னிந்திய நூலுக்கு இன்று செய்யக்கூடிய நல்ல காரியம் அதன் பக்கங்களுக்குக் குரல் கொடுப்பது. ஒவ்வொரு ராகத்துக்கும் இரண்டு நிமிட ஆலாபனை. பாடுபவர்கள் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று இந்த ஊரிலேயே கற்பிக்கும் ஆசிரியர்கள். ஒரே சுர வரிசை கொண்ட ராகங்களை அடுத்தடுத்து வைக்க வேண்டும். இந்தியானா நூலகமும் நம் சபாக்களும் மனம் வைத்தால் அரங்கம் தேவையில்லை, ஓர் ஒலிப்பதிவு அறை போதும். வேலையை 29-ஆம் மேளமான தீரசங்கராபரணத்தில், ஆரபியிலும் தேவகாந்தாரியிலும் தொடங்கலாம்.